மீன் உரசின கல்லு

போன ஞாயித்துக்கிழமை எங்க ஊரை நானே டூரிஸ்ட்டா சுத்திப் பார்த்தேன், சிரிக்காதீங்க. மீஞ்சூர் கம்பெனியில கூட வேலை செய்யற பொண்ணுங்க, "பழவேற்காடு உன் ஊருதானே, காட்டுடி"ன்னு பிடிச்சுக்கிட்டாங்க. எனக்கு ஏரி தெரியும், இறால் தெரியும். டச்சுக்காரன் எந்த வருஷம் வந்தான்னு யாருக்குத் தெரியும்? கைடு தம்பி பின்னாடி நானும் நல்ல பிள்ளையா நடந்தேன். கல்லறைத் தோட்டத்து வாசல்ல எலும்புக்கூடு சிலையோட எல்லாரும் போட்டோ எடுத்துக்கிட்டாங்க. அப்புறம் பழைய சாமானெல்லாம் வெச்சிருக்கிற ஒரு கூடத்துக்குப் போனோம். அங்க கண்ணாடிப் பெட்டிக்குள்ள எங்க வீட்டுக் கல்லு! கண்ணாடியைத் தாண்டியும் எனக்கு மீன் கவுச்சி அடிச்சுது.

எங்கம்மா ஏரியில கையால தடவி இறால் பிடிக்கிறவங்க. தண்ணியில குந்திக்கிட்டு, பனையோலைப் பறியை வாயில கவ்விக்கிட்டு, அகப்பட்டதை அதுலயே போட்டுக்குவாங்க. அம்மா வாய் சும்மா இருந்தது அப்ப மட்டும்தான். கரையேறினா போச்சு, தெருவுக்கே கேக்கும்.

அந்தக் கல்லை எங்க நைனா டச்சுக் கோட்டை மேட்டுப் புதர்லேர்ந்து எப்பவோ உருட்டிக்கிட்டு வந்தாரு. நடுவுல ஏதோ கிறுக்கலா வெட்டியிருக்கும். அந்த மேடுபள்ளத்துல வெச்சு உரசினா செதிலு சும்மா பொலபொலன்னு கொட்டிடும். "இந்த மாரி கல்லு எவ வூட்ல கீது?"ன்னு அம்மாவுக்கு ஒரே பெருமை. பக்கத்து வீட்டுக்காரங்களும் மீனைத் தூக்கிக்கிட்டு எங்க வாசலுக்குத்தான் வருவாங்க.

ஒருநாள் கோட்டையைப் பார்க்க வந்த கும்பல்ல, டச்சு படிக்கத் தெரிஞ்ச மேடம் ஒருத்தங்க எங்க வாசல்ல கல்லைப் பார்த்து நின்னுட்டாங்க. ஒரு சொம்பு தண்ணி ஊத்தச் சொல்லி, விரலால தடவித் தடவிப் படிச்சாங்க. "குழந்தையோட கல்லறைக் கல்லும்மா இது. மூணு வயசுப் பொண்ணு. பேரு இருந்த இடம்தான் தேஞ்சே போச்சு"ன்னாங்க. கூட வந்தவங்க செதிலைப் பார்த்து மூஞ்சியைச் சுளிச்சாங்க.

"எனக்கு இன்னா தெரியும் மேடம்?" அம்மா சொன்னது அவ்வளவுதான். கையில பாதி உரசின மடவை மீனு. பறி இல்லாமலே அம்மா வாய் மூடினது அன்னிக்குத்தான். எனக்கு மண்ணுக்குள்ள பூந்துக்கலாம் போல இருந்துச்சு. அம்மாவை நினைச்சு வெக்கமா, வந்தவங்க மேல ஆத்திரமா, இன்னிவரைக்கும் பிரிச்சுச் சொல்லத் தெரியல.

அன்னிக்குச் சாயங்காலமே கல்லை சீயக்காய் போட்டுக் கழுவினாங்க. பூவரச மரத்தடிக்கு மாத்தி, மஞ்சள் பூசி, பொட்டு வெச்சாங்க. "புள்ள பேரை நாமதானேடி அழிச்சோம்"னு, செல்லம்மான்னு அவங்களே ஒரு பேரு வெச்சாங்க. வெள்ளிக்கிழமையானா, "செல்லம்மா, கோச்சிக்காதம்மா"ன்னு மறுபடி மஞ்சள் பூசுவாங்க.

"டச்சுக்காரப் புள்ளைக்குத் தமிழ் புரியுமா?"ன்னு நைனா கிண்டல் பண்ணுவாரு.

"நான் பேசினா எந்த ஊர்ப் புள்ளைக்கும் புரியும். நீ போய் வலையைப் பாரு."

அம்மா போய்ச் சேர்ந்த பிறகு யாரோ வேன்ல வந்து கல்லை எடுத்துக்கிட்டுப் போனாங்க. எங்க போச்சுன்னு ஞாயித்துக்கிழமைதான் தெரிஞ்சுது.

"இதுல ஊர்க்காரங்க மீன் தேய்ச்சிருக்காங்க"ன்னாரு கைடு தம்பி. "மேல ஒரே மஞ்சக் கறை வேற. மருந்து போட்டுத்தான் போச்சு."

பொண்ணுங்க "ஐயே"ன்னாங்க.

"தேய்ச்சது எங்கம்மா. மஞ்ச பூசினதும் எங்கம்மாதான்"னேன்.

கிட்டப் போய்க் குனிஞ்சு பார்த்தேன். பொட்டு வெச்ச தடம்கூட இல்ல. கீழே அட்டையில அழகா எழுதியிருந்தாங்க: பெண் குழந்தை, வயது மூன்று, பெயர் தெரியவில்லை.