யார் வேண்டுமானாலும் வரலாம் என்ற விதி

எம்.பில். பட்டத்துக்குப் பதிவு செய்த அன்று பல்கலைக்கழக அலுவலகத்தில் என் கையில் ஒரு மெல்லிய புத்தகத்தைக் கொடுத்தார்கள். ஆய்வுப் பட்டங்களுக்கான விதிகள் அதில் இருந்தன. கண்டியிலிருந்து ஹட்டன் வரும் பஸ்ஸில் அதைத் திறந்தேன். கினிகத்தேனை வளைவுகளில் எனக்குத் தலை சுற்றத் தொடங்கியது. விதிகளால் சுற்றியதா வளைவுகளால் சுற்றியதா என்று இன்றுவரை தெரியாது.

பகுதி நேர மாணவி இத்தனை வருடங்களுக்குமேல் இழுத்தடிக்கக் கூடாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை முன்னேற்ற அறிக்கை கொடுக்க வேண்டும். மேற்பார்வையாளர் அதில் கையெழுத்திட வேண்டும். ஆய்வேட்டைக் கையளிக்கும் முன்பு ஒரு கருத்தரங்கில் பேச வேண்டும். அதன்பிறகு ஆய்வேடு, வாய்மொழிப் பரீட்சை, திருத்தங்கள், கடைசியில் செனட் சபையின் ஒப்புதல். ஹட்டனில் பஸ் மாறி லிந்துலைக்கு வந்து இறங்கும்போது இதெல்லாம் எனக்கு முடிகிற காரியமில்லை என்று தோன்றியது. அடுத்த நாள் காலையில் முடியும் என்று தோன்றியது. அப்படியே மாறி மாறித் தோன்றிக்கொண்டிருக்கும்போதே வருடங்கள் ஓடிவிட்டன.

நான் ஒரு தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். என் கணவர் லிந்துலை பஜாரில் ஆட்டோ ஓட்டுகிறார். அம்மா அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டமொன்றில், நான் பிறந்த அதே லயத்து வரிசை வீட்டில்தான் இன்னமும் இருக்கிறாள். இன்னமும் கொழுந்து பறிக்கிறாள். நான் ஆய்வுக்கு எடுத்தது தும்பிகளை. தேயிலை மலைகளுக்கு நடுவே ஓடும் ஓடைகளில், கரையில் மரம் விட்டிருக்கும் இடத்தில் என்னென்ன தும்பிகள் இருக்கின்றன, தண்ணீர் விளிம்புவரை தேயிலையோ கரட் போன்ற மரக்கறியோ வைத்திருக்கும் இடத்தில் என்னென்ன மிஞ்சியிருக்கின்றன என்று பார்ப்பதுதான் வேலை. எங்கள் பேச்சில் தும்பிக்குத் தட்டான் என்று பெயர்.

அம்மாவிடம் சொன்னபோது அவள் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தாமல் கேட்டாள்.

"சின்னதுல தட்டான் வாலுல நூலக் கட்டிப் பட்டம் விட்ட. இப்ப அத வச்சே பட்டம் வாங்கப் போறியா?"

ஆமாம் என்றேன். அடுப்பைப் பார்த்துச் சிரித்தாள். அதுதான் அவளுடைய சம்மதம்.

தும்பிக்கு வெயில் வேண்டும். எங்கள் மலையில் வெயில் நினைத்தபோது வரும், நினைத்தபோது போகும். வாரத்தில் எனக்குக் கிடைப்பது சனிக்கிழமை. சனிக்கிழமையும் வெயிலும் சேர்ந்து வருவது அபூர்வம். வந்தால், கணவர் ஆட்டோவின் பின்னால் குடையையும் பிளாஸ்கையும் கேமராவையும் வைத்து என்னை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார். முதல் சில வாரங்கள் அவர் பாதையோரத்தில் ஆட்டோவுக்குள்ளேயே படுத்துத் தூங்கினார். பிறகு எழுந்து ஓடைவரை வந்தார். பிறகு எனக்கு முன்னால் நடக்க ஆரம்பித்துவிட்டார்.

அவருக்கு லத்தீன் பெயர்கள் வாயில் நுழையவில்லை. தானே பெயர் வைத்தார். பாறை உச்சியில் உட்கார்ந்துகொண்டு வேறெதையும் அண்டவிடாமல் விரட்டும் சிவப்புத் தும்பி, துரை. ஓடையின் மேலேயும் கீழேயும் ஓயாமல் பறந்து எல்லாரையும் நோட்டம் விடுவது, கண்டாக்கு. தோட்டத்தில் வேலையாட்களை மேய்க்கும் உத்தியோகத்தரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். பார்த்தால் அச்சு அசல் அப்படியே இருக்கும். நான் ஒருநாள் பாறையில் வழுக்கி இடுப்பளவு தண்ணீரில் நின்றபோது, அவர் எனக்குக் கை கொடுக்காமல், தலைக்குமேல் பிடித்திருந்த கேமராவை முதலில் வாங்கினார். அன்றைக்குத்தான் இவர் ஆய்வில் சேர்ந்துவிட்டார் என்று எனக்குப் புரிந்தது.

அந்தப் பெயர்கள் என் குறிப்புகளுக்குள்ளும் நுழைந்துவிட்டன. முதல் முன்னேற்ற அறிக்கையின் அட்டவணையில், சுத்தமான லத்தீன் பெயர்களுக்கு நடுவே, 'கண்டாக்கு' என்று ஆங்கில எழுத்தில் ஒரு வரி தப்பிப் போயிருந்தது. என் மேற்பார்வையாளர் சிங்களப் பேராசிரியை, அதிகம் பேசாதவர். அந்த வரியில் விரலை வைத்து, இப்படி ஓர் இனத்தைத் தான் கேள்விப்பட்டதில்லையே என்றார். விளக்கிச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். அதன்பிறகு நான் போகும்போதெல்லாம் கண்டாக்கு எப்படி இருக்கிறார் என்று விசாரிப்பார். ஒருமுறை விடாத மழையும் மூடுபனியுமாகி, அறிக்கையில் எழுத எனக்கு ஒன்றுமே இருக்கவில்லை. வெயில் இல்லை என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன். அதுவும் ஓர் அவதானம்தான் என்று சொல்லிக் கையெழுத்திட்டார்.

கருத்தரங்குக்கு நாள் குறித்தபோது, ஒரு மாலை சாப்பிட்டுக்கொண்டே கணவரிடம் அந்த விதியைச் சொன்னேன். கருத்தரங்கு பகிரங்கமாக நடக்க வேண்டும், எல்லாருக்கும் திறந்திருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது என்றேன். எல்லாரும் என்றால் யார் என்று கேட்டார். யார் வேண்டுமானாலும் என்றேன். புத்தகத்திலேயே அப்படி இருக்கிறதா என்று கேட்டு, அந்த வரியை மறுபடி தமிழில் சொல்லச் சொன்னார். நான் அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

முதல் நாளே போய்ப் பல்கலைக்கழக விடுதியில் ஒரு சிநேகிதியோடு தங்கினேன். காலையில் மண்டபத்தில் சில மாணவர்களும் இரண்டு மூன்று விரிவுரையாளர்களும் இருந்தார்கள். வழக்கமாக அவ்வளவுதான் வருவார்கள். நான் கணினியைப் பொருத்திக்கொண்டிருக்கும்போது வெளியே வேன் ஒன்று வந்து நிற்கும் சத்தம் கேட்டது. தொடர்ந்து எங்கள் தோட்டத்துப் பேச்சு கேட்டது.

அம்மா முன்னால் வந்தாள். தீபாவளிக்கு நான் எடுத்துக் கொடுத்த பட்டுச் சேலை கட்டியிருந்தாள். அவளோடு கொழுந்து பறிக்கும் பெண்கள், அவர்களின் பிள்ளைகள், கோயில் கமிட்டித் தலைவர், எல்லாருக்கும் பின்னால் என் கண்ணைப் பார்க்காமல் என் கணவர். அத்தனை பேரும் மண்டப வாசலில் செருப்பைக் கழற்றி வரிசையாக வைத்துவிட்டு உள்ளே வந்து, பின்வரிசைகளில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார்கள்.

எனக்குப் பயம் வந்துவிட்டது. வெட்கமா சந்தோஷமா என்று பிரித்துப் பார்க்க நேரமில்லை. அந்த நேரம் துறைத்தலைவர் வந்தார். தலை நரைத்த மனிதர். வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்தார். ஒரு கணம் யோசித்தார். குனிந்து தன் சப்பாத்துகளைக் கழற்றி அந்த வரிசையின் கடைசியில் வைத்துவிட்டு, காலுறையோடு நடந்து வந்து முன்னால் உட்கார்ந்தார். அவருக்குப் பிறகு வந்தவர்களும் மறுபேச்சில்லாமல் அப்படியே செய்தார்கள். என் பயம் அதோடு போய்விட்டது.

ஆங்கிலத்தில் பேசினேன். திரையில் ஓடைகளின் படங்கள் வரும்போதெல்லாம் பின்னால் சலசலப்பு எழுந்தது. அது நம்ம பீலிக்கரை, இது கீழ்ப் பிரிவுப் பாலம் என்று ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டார்கள். படங்களை வைத்தே கணவர் அடங்கிய குரலில் விளக்கிக்கொண்டிருந்தார். ஆண் தும்பி தன் எல்லையைக் காவல் காத்துப் பறக்கும் படம் வந்தபோது, அவர் என்ன சொன்னாரோ, பின்வரிசை மொத்தமும் வெடித்துச் சிரித்தது. முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். என் பேராசிரியை மட்டும் திரும்பாமல் சிரித்தார். அந்த ஒரு சொல் அவருக்குத் தெரியுமல்லவா.

விரிவுரையாளர்களின் கேள்விகள் முடிந்த பிறகு, வந்திருப்பவர்களுக்கும் கேட்க ஏதாவது இருக்கிறதா என்று துறைத்தலைவர் கேட்டார். நான் தமிழில் சொன்னேன். அம்மாவின் பக்கத்து வீட்டு அக்கா எழுந்தார்.

"தட்டான் எதுக்கு வாலால தண்ணியத் தட்டித் தட்டிப் போகுது? சின்னதுலேர்ந்து பாக்குறேன், யாரும் சொன்னதில்ல."

பெண் தும்பி அப்படித்தான் முட்டையிடும் என்றேன். அதன் குஞ்சு தண்ணீருக்கடியில் கல்லிடுக்கில் மாதக்கணக்கில் வளர்கிறது, தோட்டத்துக்கு அடிக்கிற மருந்து தண்ணீரில் கலந்தால் முதலில் சாவது அதுதான், கரையில் மரமிருந்தால் நிழலும் குளிர்ச்சியும் அதைக் காப்பாற்றும் என்று சொல்லிக்கொண்டே போனேன். அத்தனை வருட ஆய்வை நான் தமிழில் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்கே புதிதாகக் கேட்டது. துறைத்தலைவர் அதை ஆங்கிலத்தில் திருப்பிச் சொல்லச் சொல்லி, நீங்கள் முதலில் பேசியதைவிட இது தெளிவாக இருக்கிறது, முடிவுரையை இப்படியே எழுதுங்கள் என்றார்.

பிறகு அம்மா எழுந்தாள். என்னைப் பார்க்கவில்லை. நேராகத் துறைத்தலைவரைப் பார்த்தாள்.

"ஐயா, எம்புள்ள பாஸாங்க?"

அதை நான் மொழிபெயர்க்கவில்லை. பாஸ் என்ற சொல்லே அவருக்குப் போதுமாக இருந்தது. அவர் எழுந்து நின்று, மிகுந்த மரியாதையோடு விளக்கினார். இந்தக் கருத்தரங்கில் பாஸ், பெயில் என்று ஒன்றும் கிடையாது. குறைகளைச் சொல்லித் திருத்துவதற்குத்தான் இது. இனி ஆய்வேட்டைக் கையளித்து, பரீட்சகர்கள் முன் வாய்மொழிப் பரீட்சைக்கு வர வேண்டும். நான் தமிழில் சொல்லச் சொல்ல அம்மாவின் முகம் விழுந்தது.

"அப்ப இன்னிக்குப் பட்டம் குடுக்க மாட்டாங்களா? மாலையெல்லாம் வாங்கிட்டு வந்துட்டோமே."

யார் வேண்டுமானாலும் வரலாம் என்று கணவர் சொன்னதைக் கேட்டு, பட்டமளிப்புக்குத்தான் கூப்பிடுகிறார்கள் என்று தோட்டமே முடிவு செய்திருக்கிறது. பக்கத்து வீட்டு அக்கா மடியில் வைத்திருந்த பையைத் திறந்து காட்டினார். ஈரத் துணி சுற்றிய ரோசாமாலை. விஷயத்தைத் தெரிந்துகொண்ட துறைத்தலைவர், விதிப் புத்தகத்தில் மாலையைப் பற்றி எதுவும் சொல்லப்படவில்லை, ஆகவே தடையுமில்லை, தாராளமாகப் போடலாம் என்றார். அம்மா தலையை ஆட்டி மறுத்துவிட்டாள். வேலை முடியாமல் மாலை போடக் கூடாது என்பது அவள் கட்சி. மாலையைக் கையில் வாங்கிக்கொண்டாள். பிறகு முன்வரிசைக்கு நடந்து போய், என் பேராசிரியைக்கு முன்னால் நின்றாள்.

"இத்தன வருசமா எம்புள்ளயப் பாத்துக்கிட்டீங்க," என்று சொல்லி அவர் கழுத்தில் போட்டுவிட்டாள்.

அவருக்குத் தமிழ் தெரியாது. எழுந்து அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அம்மா தனக்குத் தெரிந்த சிங்களத்தில் ஏதோ சொன்னாள். அவர் சிங்களத்தில் பதில் சொன்னார். கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்ததால் நான் அதைச் சரியாகக் கேட்கவில்லை. பிறகு தாழ்வாரத்தில் எல்லாரும் நின்று, வேனிலிருந்து இறக்கிய லட்டும் முறுக்கும் சாப்பிட்டு, துறையில் ஊற்றிய தேநீரைக் குடித்தோம். அம்மாவும் அவள் கூட்டாளிகளும் ஒரு வாய் குடித்துவிட்டு, சாயம் பத்தாது என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். பேராசிரியை கடைசிவரை மாலையைக் கழற்றவில்லை. பிற்பகல் இளங்கலை வகுப்புக்கும் அதோடுதான் போனார் என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

வாய்மொழிப் பரீட்சைக்கு யாரும் வர முடியாது, விதி அப்படி. அது எனக்கு ஆறுதலாகவும் இருந்தது, கொஞ்சம் வெறுமையாகவும் இருந்தது. கணவர் வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். பரீட்சகர்களில் வெளியிலிருந்து வந்தவர், இத்தனை தோட்டங்கள் இருக்க, இந்த ஓடைகளை மட்டும் எந்த அடிப்படையில் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேட்டார். நான் தயார் செய்து வைத்திருந்த அழகான பதில் அந்த நேரம் பார்த்து மறந்துபோனது. ஆட்டோ போகிற பாதை அவ்வளவுதான் சார், பக்கத்திலேயே அம்மா வீடு, மழை வந்தால் ஒதுங்கலாம் என்று உள்ளதைச் சொன்னேன். அவர் மற்றப் பரீட்சகரைப் பார்த்தார். பிறகு, நல்லது, அதை அப்படியே ஆய்வு முறை அத்தியாயத்தில் எழுதுங்கள், மறைக்க வேண்டாம் என்றார்.

என்னை வெளியே போகச் சொல்லி, மறுபடி கூப்பிட்டு, சிறு திருத்தங்களோடு சித்தியடைந்துவிட்டேன் என்றார்கள். மரத்தடிக்கு ஓடினேன். கணவர் என் முகத்தைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். போனை எடுத்து அம்மாவின் நம்பரை அழுத்தி என் கையில் கொடுத்தார்.

"பாஸும்மா. கொஞ்சம் திருத்தம் மட்டும் செஞ்சு குடுக்கணும்."

"செஞ்சு குடு பாப்பா," என்றாள். "கொழுந்து நிறுக்கிறாங்க, பொறகு பேசுறேன்."

ஆனால் போனை வைக்க மறந்துவிட்டாள். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நாங்கள் இருவரும் கேட்டுக்கொண்டு நின்றோம். தராசுக்காரர் யாரையோ கூப்பிடும் குரல். பிறகு அம்மாவின் குரல், எம்மக பாஸு என்று. பிறகு அந்த மலையே சேர்ந்து கூவியது. தராசுக்காரர் அதட்டிப் பார்த்தார், பிறகு விட்டுவிட்டார் போலிருக்கிறது, அவர் குரலும் அதற்குள்தான் எங்கோ இருந்தது.

திருத்தங்களைப் பள்ளி விடுமுறையில் முடித்தேன். ஆய்வு முறை அத்தியாயத்தில் இப்போது ஒரு வரி இருக்கிறது: அவதானிப்பு இடங்கள் முச்சக்கர வண்டி செல்லக்கூடிய பாதைகளையும் ஆய்வாளரின் தாய் வீட்டின் அண்மையையும் கருத்திற்கொண்டு தெரிவு செய்யப்பட்டன. செனட் சபை அதை ஏற்றுக்கொண்டது.