மூடுவதற்கு முன் ஒரு கேள்வி

மலேசியாவில் கோலா கிளாவாங் பக்கம் இருக்கிறது எங்கள் தோட்டம். அதன் அம்மன் கோயிலுக்குக் கணினியில் பெயர்ப் பட்டியல் செய்து கொடுத்தவர் தர்மராஜ். இங்கே பிறந்தவர்தான், இப்போது சிரம்பானில் மென்பொருள் எழுதும் வேலை. ஆடி அமாவாசையன்று இறந்தவர்களின் பெயர்களை நான் அதில் தட்டுவேன். ஆறாம் ஆண்டு வரை படித்த எனக்கு அம்மன் கொடுத்த ஊழியம் அது. பூசாரி திரையைப் பார்த்து ஒவ்வொரு பெயராக வாசிப்பார். தங்கள் வீட்டுப் பெயர் வந்ததும் வீட்டார் எள்ளும் தண்ணீரும் விடுவார்கள்.

போன வருடம் கடைசியாக வந்தவர் நீலாவதி அக்கா. எண்ணெய் எடுக்கும் செம்பனைப் பழங்களை ஏற்றிய லோரி கவிழ்ந்து கணவர் போய்ச் சேர்ந்து நான்கு வருடமாகிறது. வாழ்ந்த காலத்தில் அவர் பெயரைச் சொல்லாதவர் அக்கா. வருடத்தில் இந்த ஒரு நாள்தான், ஒரே முறைதான் சொல்வார். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு "திருநாவுக்கரசு" என்றார். தட்டினேன். அதற்குள் மணி அடித்துவிட்டது. அவசரத்தில், மூலையில் இருக்கும் பெருக்கல் குறியை அமுக்கி மூடி, மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு பூசாரியிடம் ஓடினேன்.

பூசாரி திறந்தபோது முன்பே சேமித்த பெயர்கள் எல்லாம் இருந்தன. அந்த ஒன்று மட்டும் இல்லை. கற்பூரம் காட்டி முடிந்த பிறகுதான், நிறைந்த செம்போடு அக்கா நிற்பதைப் பார்த்தேன். இன்னொரு தடவை சொல்லுங்கள், வாசிக்கச் சொல்கிறேன் என்று கெஞ்சினேன். முடியாது என்று தலையை ஆட்டிவிட்டார். பூசைக்கு வந்திருந்த தர்மராஜிடம் மட்டும் மெதுவாகப் பேசினார்.

"கூப்பிட்டாதானே தம்பி உள்ள வருவாரு. வாசல் கேட்டுப் பக்கத்துலயே நிக்கிறாரு."

அந்தச் சொல் தர்மராஜை விடவில்லை. 'சேமிக்கவா?' என்று கேட்பதை 'வெளியேறு' பொத்தானில் மட்டும் வைத்திருந்தாராம். பெருக்கல் குறி வேறு வழியாகப் போகும் என்பதை மறந்துவிட்டாராம். அலுவலகக் கணினியில் எந்தச் சன்னலை மூடினாலும் கை நின்றுவிடுகிறது, கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஓர் ஆள் காத்திருக்கிற மாதிரி இருக்கிறது என்றார். நான் அம்மன் குங்குமம் மடித்துக் கொடுத்தேன்.

எப்படி மூடினாலும் முதலில் கேட்கும்படி மாற்றி எழுதினார். சோதித்துப் பார்க்க, கோயிலில் என் எதிரிலேயே திருநாவுக்கரசு என்று தட்டிப் பெருக்கல் குறியை அமுக்கினார். 'இந்தப் பெயர் சேமிக்கப்படவில்லை. சேமிக்காமல் மூடவா?' என்று வந்தது. 'வேண்டாம்' என்றால் சன்னல் அப்படியே நின்றது. 'ஆம்' என்பதையும் அமுக்கிப் பார்க்க வேண்டுமே. அவர் விரல் போகவில்லை. எனக்கும் துணிவில்லை. கடைசியில் அதை அழித்துவிட்டுத் தன் பெயரைத் தட்டினார்.

"உயிரோட இருக்கிற ஆளு பேர அதுல போடாதீங்க தம்பி" என்றேன்.

"தொலஞ்சா என் பேருதானேக்கா. வாசல் கேட்டுப் பக்கத்துல யாரும் நிக்கமாட்டாங்க லா."

ஆம் என்று அமுக்கினார். சன்னல் மூடியது. மறுபடி திறந்தபோது தர்மராஜ் என்ற பெயர் இல்லை.

இந்த வருடம் நீலாவதி அக்கா முதல் ஆளாக வந்து சொன்னார். சேமித்துவிட்டு மூன்று முறை பார்த்தேன். பூசாரி திருநாவுக்கரசு என்று வாசித்தார். அக்கா தண்ணீர் விட்டார். வாசற்படியில் நின்றிருந்த தர்மராஜ், யாருக்கோ வழி விடுவதுபோல் சட்டென்று ஒதுங்கினார்.

அங்கே யாரும் வரவில்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.