பல்பு அணைந்தால் கைதட்டுவார்கள்

பழைய கம்ப்யூட்டரைத் திறந்து வேலை பார்ப்பவர்களே, நம் தொழிலின் சங்கடம் உங்களுக்குத் தெரியும்: அது முன்பே கெட்டிருந்ததா, நம் கை பட்டுக் கெட்டதா என்று யாராலும் நிரூபிக்க முடியாது, ஆனால் சுற்றி நிற்பவர்களுக்கு மட்டும் சந்தேகமே இருக்காது.

கழுவியவர்

இது நான் பார்த்ததில்லை, கேட்டது. தூத்துக்குடியில் பழைய கம்ப்யூட்டர் பிரியர்கள் ஆண்டுக்கொரு முறை ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் கூடுகிறார்கள். நடத்துபவர் பால்துரை அண்ணாச்சி. நான் வேலை பார்க்கும் சர்வீஸ் கடையின் முதலாளி. சொன்னதும் அவர்தான்.

போன வருடம் உடன்குடிக்காரர் ஒருவர், கடல் காற்றில் உப்புப் பூத்த கம்ப்யூட்டர் போர்டை வீட்டிலேயே நன்றாகக் கழுவி, மொட்டை மாடியில் காயவைத்துக் கொண்டுவந்தாராம். முன்பைவிட வெள்ளையாக இருந்ததாம். எந்தத் தண்ணீரில் கழுவினீர்கள் என்று அண்ணாச்சி கேட்டிருக்கிறார்.

"எங்க வீட்டு போர் தண்ணிதான் அண்ணாச்சி. அதுவும் உப்புன்னு வாயில வச்சுப் பாத்த பொறவுல்லா தெரியுது!"

வெளியே நின்ற வண்டி

ஆகவே இந்த வருடக் கூட்டத்துக்காக ரோசம்மா அக்காவின் கம்ப்யூட்டர் எங்கள் கடைக்கு வந்தபோது, பேட்டரிக்கு ஊற்றும் உப்பில்லாத தண்ணீரை வாங்கித்தான் போர்டைக் கழுவினேன். அக்கா ஒரு காலத்தில் வீட்டு முன்னறையில் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்தியவர். வகுப்பு நின்ற பிறகும் அந்த ஒரு மெஷினைச் சேலையில் சுற்றிப் பரணில் வைத்திருந்தார். துறைமுகத்தில் வேலை பார்க்கும் அவர் வீட்டுக்காரர் லாரன்ஸ் அண்ணனுக்கு அந்த இடம் வேண்டும். இருவருக்கும் ஓர் ஒப்பந்தம்: கூட்டத்தில் எல்லோர் முன்னும் ஓடினால் வீட்டில் இருக்கும்; இல்லையென்றால் பழைய இரும்புக் கடை.

எங்கள் வீட்டில் டிகிரி முடித்த முதல் ஆள் நான். "படிச்ச பிள்ளை, சரியாப் பண்ணும்" என்று யாராவது சொன்னாலே எனக்குப் பதற்றம் வந்துவிடும். கூட்டத்தன்று அக்கா அதை மூன்று பேரிடம் சொல்லிக்கொண்டே மண்டபத்துக்குள் வந்தார். பின்னால் லாரன்ஸ் அண்ணன் லோடு ஆட்டோக்காரரிடம் சொன்னது எனக்கும் கேட்டது.

"இங்கனயே நில்லு தம்பி. இந்தா, இப்ப திரும்ப ஏத்திருவோம்."

பல்பு

ரொம்ப நாள் ஓடாத மெஷினை அங்கே நேரடியாகக் கரண்டில் போட விடமாட்டார்கள். நடுவில் ஒரு குண்டு பல்பை இணைப்பார்கள். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரிந்துகொண்டே இருக்கும், மெஷின் தப்பிக்கும். ஷார்ட் இல்லையென்றால் ஒருமுறை மின்னி அணையும். கூட்டமே கம்ப்யூட்டரை விட்டுவிட்டு பல்பைத்தான் பார்க்கும். காலையில் அண்ணாச்சி இதையெல்லாம் எனக்கு விளக்கியிருந்தார்.

சுவிட்சைப் போட்டேன். பல்பு மின்னியது, அணைந்தது. திரையும் இருட்டு. காலையில் கேட்டதெல்லாம் மறந்து, பல்பு அணைந்தால் ஏதோ போய்விட்டது என்றுதான் எனக்கு அந்த நொடியில் பட்டது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, "மன்னிச்சிருங்கக்கா" என்றேன். தூக்கிய கைகளோடு கூட்டம் அப்படியே நின்றது.

"ஏளா, கைதட்ட விடுதியா நீ? அணைஞ்சா நல்லதுன்னு காலையிலயே சொன்னேம்லா!"

முதல் கேள்வி

இனி பல்பு வேண்டாம், நேராகப் போடலாம் என்றார் அண்ணாச்சி. நான் விலகி அவருக்கு வழிவிட்டேன். ரோசம்மா அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து, சுவிட்சின் மேல் என் விரலையே வைத்தார். "கழுவுனது நீ. நீயே போடு." அதற்கான நன்றியை இங்கே சொல்லிக்கொள்கிறேன்.

பிளாப்பி கரகரவென்று சுற்றியது. கறுப்புத் திரையில் பச்சை எழுத்து வந்தது. உள்ளே இருந்த பேட்டரி செத்துப்போனதால் மெஷினுக்கு நாள் தெரியவில்லை. இன்று என்ன தேதி என்று கேட்டு நின்றது. அக்கா கீபோர்டைப் பார்க்காமலே தேதியை அடித்தார். ஏற்றுக்கொண்டது. இந்த முறை கைதட்டல் முழுதாகவே கேட்டது.

"கல்யாணமான நாள்லேர்ந்து எங்க வீட்ல என்கிட்ட தேதி கேட்டது இது ஒண்ணுதான்" என்றார் அக்கா, அண்ணனைப் பார்க்காமல்.

லாரன்ஸ் அண்ணன் வெளியே போய் ஆட்டோவின் பின்பக்கத்தில் தன் தோள்துண்டை நாலாக மடித்து விரித்தார்.

"தம்பி, வீட்டுக்கு விடணும். மேடு பள்ளம் பாத்து, மெல்லப் போ."

அந்த மெஷின் எதுவரை தேதி ஏற்கும் என்று பிறகு தேடிச் சரிபார்த்தேன்: 2099 முடியும்வரை ஏற்கும், அதுவரை அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கத்தான் எங்களில் யாருக்கும் ஆயுள் போதாது.