துண்டடி பட்ட தேள் ஈ

தேள் ஈ கொட்டாது. இதைச் சொல்லிச் சொல்லியே என் சர்வீஸ் முடிந்துபோனது. ஆண் பூச்சியின் வால் தேள் கொடுக்கு மாதிரி மேலே வளைந்திருக்கும். நுனியில் இருப்பது பெண்ணைப் பிடித்துக்கொள்ளும் இடுக்கி, அவ்வளவுதான். இனத்துக்கு இனம் அந்த இடுக்கி மாறும். அதனால் எங்கள் தொழிலில் முகத்தைப் பார்த்து அடையாளம் சொல்வதில்லை, வாலைப் பார்த்துத்தான்.

தொண்ணூறுகளில் கோயமுத்தூரில் பூச்சியியல் பிரிவில் இருந்தேன். வால்பாறைப் பக்கம் ஒரு சோலையில் பிடித்த ஆணின் இடுக்கியில் இரட்டைப் பல் இருந்தது. அப்படி ஒன்றை யாரும் எழுதிவைக்கவில்லை. புது ஸ்பீஷீஸ் என்று குதித்தேன். எங்கள் புரொபசர் அசைந்து கொடுக்கவில்லை.

“ஏனுங்க அம்மணி, இது பொறப்புலயே ஊனமா இருந்தா? ஒத்தைப் பூச்சிய நம்பிப் பேரு வெக்க மாட்டனுங்க. இன்னொரு ஆண் கொண்டாங்க.”

ஆபீசிலோ, “பயிரைத் திங்காத பூச்சிக்கு எத்தனை தடவைங்க ஜீப்பு?” என்று இழுத்தடித்து, இதுதான் கடைசி என்று சொல்லி ஜீப்பைக் கொடுத்தார்கள்.

அதே சோலையில் சாயங்காலம் வரை வலை வீசினேன். விழுந்ததெல்லாம் பெண். அவற்றுக்கு இடுக்கியே கிடையாது. அட்டைகளுக்கு ரத்தம் கொடுத்ததுதான் மிச்சம். வலையை மடிக்கும்போது அழுகையே வந்துவிட்டது.

“அம்மா, அசையாதீங்க! முதுகுல தேளுங்க!” என்று கத்தினார் டிரைவர் ஆறுமுகம், பொள்ளாச்சிக்காரர். தோளில் கிடந்த துண்டை உருவிப் பளீரென்று ஒரு போடு போட்டார்.

கீழே விழுந்ததைப் பார்த்து எனக்கு உயிரே போய்விட்டது. ஆண் தேள் ஈ! தலை கூழாகிவிட்டது. ஒரு பக்கத்து இறக்கைகளைக் காணோம்.

“அய்யோ, போச்சே! இதுக்குத்தானுங்கண்ணா நாயா அலைஞ்சேன்! கண்ணு தெரியிலீங்களா?”

“நல்லா இருக்குதுங்க! உசுரக் காப்பாத்துனா திட்டு வேறயா?”

மூக்கை உறிஞ்சிக்கொண்டே கைலென்ஸை எடுத்துப் பார்த்தேன். வால் முழுசாக இருந்தது. இடுக்கி இருந்தது. அதில் இரட்டைப் பல்!

“அண்ணா, நீங்க நல்லா இருக்கோணும்!” என்று கத்தினேன். அவர் மெல்ல ஜீப் பக்கம் நகர்ந்தார். இந்தம்மாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார்.

மறுநாள் வாலைப் பொட்டாஷ் கரைசலில் காய்ச்சி, சதையைக் கரைத்துவிட்டு மைக்ராஸ்கோப்பில் வைத்தோம். புரொபசர் ரொம்ப நேரம் பார்த்தார்.

“பேரு வெச்சுப்போடலாமுங்க அம்மணி” என்றார். பிறகு தட்டில் கிடந்த மிச்சத்தைப் பார்த்து, “இது வலையில உளுந்த மாதிரி தெரியிலீங்களே?” என்று சிரித்தார்.

கட்டுரை அச்சாகி வந்தபோது, இரண்டாவது பூச்சியைச் சேகரித்தவர் என்று ஆறுமுகம் அண்ணன் பெயரே இருந்தது. கொண்டுபோய்க் காட்டினேன்.

“தேள அடிச்சதுக்கெல்லாமா பேரு போடுவாங்க?” என்றார்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: யாரையும் திட்டுவதற்கு முன் வாலைப் பாருங்கள்.