பொட்டிக்குப் பின்னாடி ஒரு திருகு

ஹோம் தியேட்டர் மாட்டுற தொழில்ல, வேலையை ஒழுங்கா செஞ்சா "வேலையே செய்யலையே"ன்னு திட்டு விழும். டெய்லர், கார்பெண்டர், ஏசி மெக்கானிக்னு அடுத்தவங்க வீட்டு ஹால்ல நின்னு பேச்சு வாங்குற எல்லாருக்கும் இது புரியும். நாமெல்லாம் ஒரே கட்சி.

சப்வூஃபர்ங்கிறது கனமான சத்தத்துக்குன்னே இருக்கிற தனிப் பொட்டி. படத்துல இடி இடிச்சா அடிச் சத்தம் அதுலேர்ந்துதான் வரும். சரியா அமைச்சா பொட்டி இருக்கிறதே தெரியக் கூடாது, படத்தோட கலந்துடணும். அதுக்காகப் பின்னாடி இருக்கிற வால்யூம் திருகை இம்மி இம்மியா நகர்த்தி வச்சுட்டு வருவேன். நான் தெருமுனை தாண்டுறதுக்குள்ள அதை முழுசா முறுக்கிடுவாங்க. பதினாறு வருஷமா திருச்சியில இதே பொழப்பு. ஒரே ஒரு வீட்டுலயாவது நான் வச்ச அளவுல அந்தத் திருகு நிக்கணும். என் ஆசை அவ்வளவுதாங்க. சொல்லவே வெக்கமா இருக்கு, ஆனா நிஜம்.

தவழ்ந்த கதை

பொட்டிக்கு எந்த இடம் தோதுன்னு கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு. நாம உட்கார்ற சோபாவுல பொட்டியை வச்சு, பாட்டைப் போட்டுட்டு, நாம தரையில தவழ்ந்து ரூமைச் சுத்தணும். எங்கே சத்தம் சீரா கேக்குதோ அங்கேதான் பொட்டி.

பாலக்கரையில, துபாய்லேர்ந்து லீவுல வந்திருந்த ஒரு பாய் வீடு. பொட்டி ஜம்முனு சோபாவுல உட்கார்ந்திருக்கு, நான் முட்டி தேயத் தவழ்ந்துக்கிட்டு இருக்கேன். டீ கொண்டு வந்த பாயோட சம்சாரம் அப்படியே நின்னுட்டாங்க. நான் எழுந்திரிக்கிறதுக்குள்ள புருஷன்கிட்ட சொன்னாங்க: "பாவங்க, மனுஷன் எதையோ தொலைச்சிட்டாரு. சும்மா நிக்காம நீங்களும் கூடச் சேர்ந்து தேடுங்களேன்!"

கூட்ஸ் வண்டி

பாய் வீட்டுல திருகு ஒரு நாள் தாங்குச்சு. பொன்மலையில அதுவும் இல்லை. ரயில்வே ஒர்க்‌ஷாப்ல வேலை பாக்குறவர் வீடு. சின்ன ரூம், எட்டு இஞ்ச் ஸ்பீக்கர் வச்ச பொட்டியே போதும்ங்கன்னேன். பக்கத்து வீட்டுல பத்து இஞ்ச் இருக்காம், அதனால இவருக்குப் பன்னெண்டு வேணுமாம். சரின்னு மாட்டி, அளவு வச்சு, படம் போட்டேன். கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டார். எழுந்து போனவர் என் கண்ணு முன்னாடியே திருகை முழுசா முறுக்கினார். ஷோகேஸ்ல இருந்த கண்ணாடி டம்ளரெல்லாம் கடகடன்னு ஆடுது. "சார், இது படத்துச் சத்தம் இல்லைங்க, டம்ளர் சத்தம்"னேன். அவர் பொறுமையா விளக்கினார்: "தம்பி, அந்தப் பக்கம் கூட்ஸ் போனாலே இந்த டம்ளர் ஆடும். இவ்வளவு பெரிய பொட்டி வாங்கிட்டு ஆடலைன்னா எப்படி?"

கன்னி மூலை

திருவானைக்காவல்ல ஒரு டீச்சர் வீடு. தவழ்ந்து பார்த்ததுல வடகிழக்கு மூலை அருமையா வந்துச்சு. "ஐயோ, அது ஈசானி மூலை, கனமா எதுவும் வைக்கக் கூடாது"ன்னாங்க. கனமெல்லாம் தென்மேற்குல, கன்னி மூலைக்குத்தான் போகணுமாம். அங்கே வச்சா சோபாவுல ஒண்ணுமே கேக்காதும்மான்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். வாஸ்துக்காரர் சொன்னா கேப்பாங்க, நான் யாரு? ரெண்டு நாள்ல போன் வந்துச்சு: "சார், படம் ஹால்ல ஓடுது, இடி சமையல்கட்டுல இடிக்குது. நாங்க எங்க உக்காரணும்னு நீங்களே சொல்லுங்க!"

தவில்

ஸ்ரீரங்கத்துல ஒரு அபார்ட்மெண்ட். மாமாவும் மாமியும் மட்டும்தான். மாமா படமெல்லாம் பார்க்க மாட்டார், நாகஸ்வரம், தவில் மட்டும் கேட்பார். திருகை வச்சு, அது நிக்கிற இடத்துல பென்சிலால கோடு போட்டுட்டு வந்தேன். பத்து நாள் கழிச்சு, ரிமோட்ல ஏதோ சந்தேகம்னு கூப்பிட்டார். போனதும் நேரா பொட்டிக்குப் பின்னாடி குனிஞ்சேன். அடேயப்பா! திருகு பென்சில் கோட்டுலயே நிக்குது.

"மாமா, தவில் எப்படி இருக்கு?"ன்னேன். "பேஷா இருக்கு! ஒவ்வொரு அடியும் நெஞ்சுல வந்து விழறது. பெருமாள் நம்மாத்து வாசல்லயே எழுந்தருளறாப்ல இருக்கு"ன்னார். சத்தியமாச் சொல்றேன், எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. உடனே வீட்டுக்காரிக்குப் போன் போட்டுச் சொல்லணும்னு தோணுச்சு. "பதினாறு வருஷத்துல இந்தத் திருகைத் தொடாதவங்க நீங்கதான் மாமி"ன்னேன். காபி டம்ளரை நீட்டிக்கிட்டே மாமி சொன்னாங்க: "அதை எதுக்குத் தொடணும்? பெருமாளுக்கு சீரியல் லைட் போடப் பாயிண்ட் இல்லேன்னு, நீங்க போன அன்னிக்கே அந்தப் பொட்டியோட பிளக்கைப் பிடுங்கிட்டேனே!"

ஆக, இந்தப் பதினாறு வருஷத்துல நான் வச்ச அளவுக்கு மரியாதை குடுத்து நிக்கிறது ஒரே ஒரு பொட்டிதான், அதுக்கும் கரண்ட் கிடையாது.