நான் ஆட்டிய நன்மை மணி

எண்பத்தைந்தாம் ஆண்டு. ஊர்காவற்துறைப் பக்கம், கடலை ஒட்டிய எங்கள் ஊர். எனக்கு அப்போது இருபது வயது. வாய் மட்டும் இன்னும் கொஞ்சம் மூத்தது. அந்த வருடம் எங்கள் கோயில் பூட்டிக் கிடந்தது. கோயில் என்றால் மாதா கோயில். எங்கள் பக்கத்தில் வேதக்காரரும் கோயில் என்றுதான் சொல்வோம்.

பூட்டியது நேவிக்காரர் இல்லை, எங்கள் பங்குப் பாதிரியாரான சுவாமியார்தான். பெருநாளன்று மாதாவின் சுருவத்தை, அதாவது சிலையை, கூட்டில் வைத்துத் தோளில் தூக்கி ஊரைச் சுற்றுவது வழக்கம். அந்த முறை சந்தியில் வந்து நின்று, எந்தத் தெருவுக்குள் முதலில் நுழைவது, கிழக்கு ஒழுங்கையா மேற்கு ஒழுங்கையா என்று தர்க்கம் தொடங்கியது. கடலில் நேவியின் கெடுபிடி கூடி, மீன்பிடி பாதியாய்ப் போயிருந்த காலம். கைகளுக்கு வேலை இல்லை, கேட்கவா வேண்டும்! மாதாவை நடுச்சந்தியில் இறக்கி வைத்துவிட்டு ஆம்பிளைகள் ஒருவரோடொருவர் அடிபட்டார்கள்.

கிழக்கு ஒழுங்கைக்கு என் ஐயா, அதாவது அப்பா, தலைமை. மேற்கு ஒழுங்கைக்கு என் அம்மாவின் தமையன். அவர்தான் கோயில் மூப்பர். பூசைக்கு அடுக்குப் பண்ணுவது, மணி அடிப்பது, செபம் சொல்லிக் கொடுப்பது எல்லாம் அவர் வேலை. ஐயா கூட்டைத் தூக்கும் தடியைச் சுழற்றியதில் மாமாவின் முன்பல் போய்விட்டது. இரண்டு பகுதியும் சமாதானமாகும் வரை பூசை இல்லை என்று சுவாமியார் கோயிலைப் பூட்டினார். அதன்பிறகு இந்த ஒழுங்கைக்காரர் அந்த ஒழுங்கையில் கால் வைக்கவில்லை.

அம்மாவுக்குக் காலைப் பூசை இல்லாவிட்டால் பொழுது விடியாது. கடற்கரையால் சுற்றிப் போய், பூட்டிய கதவுக்கு முன்னால் முழந்தாளில் நின்று செபித்துவிட்டு வருவார். அதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கடவுளுக்கும் எங்களுக்கும் நடுவில் எதற்கு ஒரு கட்டிடம், ஒரு பூட்டு, திறப்பை மடியில் வைத்திருக்க ஒரு ஆள்? நான் கோயில் பக்கம் போவதையே விட்டேன். கடற்கரையில் இருந்து தனியாகச் செபம் சொன்னேன். உண்மையைச் சொன்னால், அது நன்றாகத்தான் இருந்தது.

மாரி தொடங்கிய நேரம் ஐயா நெருப்புக்காய்ச்சலில் விழுந்தார். யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குப் போகப் பாதை திறக்கவில்லை. ஊர்ப் பரியாரியார் நாடி பிடித்துப் பார்த்துவிட்டுக் கையை விரித்துவிட்டார். கண்ணைத் திறந்த ஒரு நேரம் ஐயா நன்மை கேட்டார். சாகக் கிடப்பவருக்குச் சுவாமியார் கொண்டுவந்து கொடுக்கும் நற்கருணையைத்தான் நன்மை என்போம். கேட்டவர் கையோடு இன்னொன்றும் சொன்னார்.

"மூப்பர் மணி பிடிச்சுக்கொண்டு வாறதெண்டால் எனக்கு ஒண்டும் வேண்டாம்."

அங்கேதான் சிக்கல். எங்கள் ஊரில் நன்மை சும்மா வராது. முன்னால் மூப்பர் கைமணியை ஆட்டிக்கொண்டு நடப்பார், பின்னால் சுவாமியார். மணி கேட்டவர்கள் கையில் இருப்பதைப் போட்டுவிட்டுப் பின்னால் போய், நோயாளிக்காகச் செபிக்க வேண்டும். தொடங்கிய மணி தலைமாட்டில்தான் நிற்க வேண்டும், வழியில் நிற்கக் கூடாது. சந்திக் கடைச் சைவக்காரர்கூடச் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்து நிற்பார்.

"போய்ச் சுவாமியைக் கூட்டிக்கொண்டு வா. உன்ரை ஞாயத்தைப் பிறகு கதைப்பம்" என்று அம்மா அழுதார். போனேன். போன இடத்தில் வாய் சும்மா இருந்தால்தானே.

"மனிசர் அடிபட்டதுக்குக் கடவுளை ஏன் சுவாமி பூட்டி வைச்சனீங்கள்?"

"கடவுளைப் பூட்டுற திறப்பு என்னட்டை இல்லைப் பிள்ளை" என்றார். கெட்டிக்காரப் பதில்தான். எனக்கு ஆத்திரம் இன்னும் கூடியது. ஆனால் ஐயா அங்கே மூச்சு வாங்கிக்கொண்டு கிடக்கிறாரே. சுவாமியார் உடனே வெளிக்கிட்டார். மூப்பரைக் கூப்பிட ஆள் அனுப்பப் போனார். ஐயா சொன்னதைச் சொன்னேன். "மணியை நான் பிடிக்கிறன்" என்றேன்.

அந்தக் காலத்தில் பெண்பிள்ளை அதைத் தொடுவதே இல்லை. அவர் யோசித்தார். பிறகு மணியை எடுத்து என் கையில் தந்தார்.

ஆட்டினேன். பழக்கமில்லாத கையில் மணி என் சொல் கேட்கவில்லை. கிணுகிணு என்று ஒரே ஓட்டம். கோயிலில் இருந்து எங்கள் வீட்டுக்கு நேர்வழி மேற்கு ஒழுங்கைதான், அன்றைக்குக் கடற்கரையால் சுற்ற நேரமில்லை. கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஆருக்கு என்று எல்லாருக்கும் தெரியும். கொஞ்ச நேரத்தில் சுவாமியாருக்கும் பின்னால் வேறு காலடிகளின் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மாமா வீட்டுப் படலை திறந்தது. அவர் சறத்தை இறுக்கிக் கட்டியபடி நேரே என்னிடம் வந்தார்.

"என்ன பிள்ளை உது, ஐஸ்பழக்காரன்ரை மணியே? கொண்டா இஞ்சை."

பறித்துக்கொண்டு முன்னால் நடந்தார். மணி நிதானத்துக்கு வந்தது: ஒரு அடி, ஒரு இடைவெளி, இன்னொரு அடி. ஐயா சொன்னதைச் சொல்ல வாயெடுத்தேன். சுவாமியார் கண்ணால் அடக்கினார். சந்தி வந்தது. மாதாவை இறக்கிவைத்த அதே இடம். எங்கள் ஒழுங்கைக்காரர் மணி கேட்டு வெளியே வந்து நின்றார்கள். மாமாவின் நடை தளர்ந்தது. ஆனால் மணி நிற்கக் கூடாதே! தலை குனிந்துகொண்டு கிழக்கு ஒழுங்கைக்குள் நுழைந்தார். அவருக்குப் பின்னால் மேற்கு ஒழுங்கை, அதற்குப் பின்னால் எங்கள் ஒழுங்கை.

வீடு கொள்ளவில்லை. முற்றத்தில் எல்லாரும் கலந்து முழந்தாளிட்டார்கள். மாமா தலைமாட்டில் நின்று செபம் தொடங்கினார். 'சர்வேசுரனுடைய' என்று வரும் இடத்தில் பல் போன ஓட்டையால் காற்று விசிலடித்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. அடுத்த முறையும் விசில். ஐயா கண்ணைத் திறந்தார். நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னும் பல்லுக் கட்டேல்லையோ?" என்று ஐயா மாமாவைக் கேட்டார்.

"நீர் எழும்பி வந்து கட்டித் தருவீர் எண்டு பாத்துக்கொண்டு இருக்கிறன், மச்சான்."

ஐயா கையை நீட்டினார். மாமா அதைப் பிடித்துக்கொண்டு விம்மினார். சுவாமியார் நன்மை கொடுக்கும்போது முற்றத்தில் இருந்து அழுகையும் செபமும் சேர்ந்து கேட்டன. கோயிலுக்குள்கூட எனக்கு அப்படி உடம்பு சிலிர்த்ததில்லை.

ஐயா பிழைத்தார். கோயில் திறந்தது. அடுத்த பெருநாளுக்கும் சந்தியில் தர்க்கம் வந்தது. இந்த முறை வாயோடு நின்றது. தொண்ணூறில் சண்டை மூண்டு எல்லாருமே ஊரைவிட்டு ஓடினோம். ஐயாவும் மாமாவும் ஊருக்குத் திரும்பாமலே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். நான் இப்போது போகும் கோயில் பெரியது. பக்கத்து வாங்கில் உட்கார்ந்திருப்பவரின் பெயர் தெரியாது.

கோயில் எதற்கு என்ற என் கேள்வியை நான் இன்னும் விடவில்லை. கடற்கரைச் செபம் இப்போதும் எனக்குப் பிடிக்கும். ஆனால் அன்றைக்கு நான் தனியாகச் செபித்திருந்தால், மாமாவை அந்த ஒழுங்கைக்குள் கொண்டுவந்திருக்க என்னால் ஏலாது. தெருவில் ஐஸ்பழ மணி கேட்கும்போதெல்லாம் கையில் இருப்பதை வைத்துவிட்டு எழுந்து நிற்கிறேன். என் பிள்ளைகள் சிரிக்கிறார்கள், எனக்கோ பின்னால் வந்த அந்தக் காலடிகள் கேட்கின்றன.