பன்னிரண்டாவது கட்டுரை

என் வீட்டுக்காரர் வருஷா வருஷம் ஒரு மாநாடு நடத்துகிறார் என்று கேள்விப்பட்டதும் என் அண்ணன் கேட்ட முதல் கேள்வி, "எந்தக் கட்சி மாப்பிள்ளை?" என்பதுதான். இவர் சிரிக்கவில்லை. இது கணினி அறிவியல் மாநாடு, ப்ரோகிராம்களில் வரும் பிழைகளை ஆராய்ச்சி பண்ணுகிறவர்கள் கூடுவது, நூறு பேர் வந்தால் அதிகம் என்று பொறுமையாக விளக்கினார். "அப்ப ஊர்வலம் கிடையாதா?" என்றான் அண்ணன். அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் இவருக்குப் பேர் தலைவர். தலைவர் சாப்பிட்டாரா, தலைவர் ஊரில் இருக்கிறாரா என்றுதான் போனில் விசாரிப்பார்கள்.

கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடம் நடத்துகிற சாதாரண வாத்தியார் அவர். மாநாட்டில் அவருடைய பதவி செயலாளர். செயலாளர் என்றால் எல்லா எடுபிடியும் அவர்தான் என்று அர்த்தம். வெயில் காலத்தில் கட்டுரை கேட்டு ஊர் உலகத்துக்கெல்லாம் மெயில் போடுவார். வந்த கட்டுரைகளைப் படித்துத் தேறுமா தேறாதா என்று சொல்லச் சொல்லிப் பெரிய ஆட்களைக் கெஞ்சுவார். அவர்கள் சரி என்று சொல்லிவிட்டுக் காணாமல் போவார்கள். அக்டோபர் வந்தால் பீரோவிலிருந்து கோட்டு வெளியே வரும். எங்கள் கல்யாணத்துக்குத் தைத்தது. பட்டன் போட்டால் மூச்சு விட முடியாது, அதனால் போடமாட்டார். இரண்டு நாள் கல்லூரி ஹாலில் மைக் கத்துவதும் ப்ரொஜெக்டர் மக்கர் பண்ணுவதுமாக மாநாடு முடியும். பிறகு கட்டுரைகளையெல்லாம் ஒரு தொகுப்பாக வெளியிடுவார். கமா விடுபட்டிருந்தால்கூட அவருக்குச் சோறு இறங்காது.

சொந்தமாக அவர் எழுதிய கட்டுரை சொற்பம். எழுத நேரம் ஏது? மற்றவர்கள் எழுதியதைத் திருத்தி, நேரத்துக்கு அனுப்பி, மேடையேற்றி விடுவதிலேயே காலம் போய்விட்டது. கூட வேலைக்குச் சேர்ந்தவர்கள் பேராசிரியராகிவிட்டார்கள். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பாள் என் அம்மா. பழமொழி சொன்னவர் எங்கள் வீட்டுக்கு வந்து பார்த்ததில்லை. எங்களுக்குப் பிள்ளையும் இல்லை.

இந்த வருஷத் தொடக்கத்தில் ஒரு அறிவிப்பு வந்தது. எந்தெந்த மாநாடுகளில் வரும் கட்டுரைகளை மதிப்பது என்று ஒரு குழு பட்டியல் வைத்திருக்கிறது. அதில் இருந்தால்தான் வாத்தியார்களுக்குக் கட்டுரை கணக்கில் ஏறும், பதவி உயர்வுக்கு ஆகும். இல்லாவிட்டால் எந்தப் பைத்தியக்காரன் அங்கே கட்டுரை அனுப்புவான்? அந்தக் குழு இப்போது ஒவ்வொரு மாநாட்டின் ஆய்வுத் தாக்கத்தையும் அளக்கப் போகிறதாம். அளவு குறைந்தால் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும்.

"தாக்கம்னா? யாரைத் தாக்கணும்?" என்று கேட்டேன்.

"நம்ம மாநாட்டுல வந்த கட்டுரைய மத்தவங்க எத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்காங்கன்னு பாப்பாங்க."

"எனக்குக் கோள் மூட்டுறதுதான் தெரியும். அதென்ன மேற்கோள்?"

அன்று ஞாயிற்றுக்கிழமை. கட்டிலில் துவைத்த துணி மலை மாதிரி கிடந்தது, நான் மடித்துக்கொண்டிருந்தேன். அவர் காலுறைகளை எடுத்து வரிசையாக வைத்து விளக்க ஆரம்பித்தார். கடைசி ஐந்து வருஷத்தில் வந்த கட்டுரைகளை மட்டும்தான் எடுத்துக்கொள்வார்கள். அதில் பன்னிரண்டு கட்டுரைகளாவது தேற வேண்டும். ஒவ்வொன்றையும் குறைந்தது பன்னிரண்டு பேர் தங்கள் கட்டுரையில் மேற்கோள் காட்டியிருக்க வேண்டும்.

"நமக்கு எத்தனை தேறுது?"

"பதினொண்ணு."

காலுறை வரிசையில் கடைசி ஒன்றுக்கு ஜோடி இல்லை. வாஷிங் மெஷின் தின்றிருக்கும். இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அந்தப் பதினொன்றே குருவி மாதிரி சேர்த்தது. இன்னும் ஒன்று தேறினால் மாநாட்டுக்கு உயிர் இருக்கும். அவருடைய கல்லூரி நண்பர் ஒருவர் கூடவே இருந்து மாநாட்டை நடத்துகிறவர். எங்கள் வீட்டில் அவருக்குப் பொருளாளர் என்று பேர், இவர் தலைவர் ஆனதால். அவர் வந்து சுலபமான வழி சொன்னார்.

"என் ஸ்டூடண்ட் ஒருத்தன் அடுத்த வாரம் கட்டுரை அனுப்புறான்யா. எந்தக் கட்டுரைக்கு வேணும்னு சொல்லு, ரெண்டு மூணு மேற்கோள் சொருகிடலாம். ஊரே அதத்தான் பண்ணுது."

"கேட்டு வாங்கினா அது மேற்கோள் இல்லப்பா. அதுக்கு வேற பேர் இருக்கு" என்றார் இவர்.

எனக்கு எரிச்சல் வந்தது. நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள். சர்க்கரையைக் கொஞ்சம் குறைத்துப் போடுங்க மேடம், வீட்டில் திட்டுவார்கள் என்று வருகிறவர்களை வாரம் ஒரு தடவையாவது விரட்டுகிறேன். ஒரு புள்ளிகூட மாற்றிப் போட்டதில்லை. அப்படிப்பட்ட நான் அன்றைக்குச் சொன்னேன், "வாங்கிக்கங்களேன். யார் குடி முழுகிடப் போகுது?" அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். கம்ப்யூட்டரைத் திறந்து உட்கார்ந்துவிட்டார்.

அதற்கப்புறம் இரண்டு வாரம் வீட்டில் வேறு பேச்சே கிடையாது. உலகத்துக் கட்டுரைகளையெல்லாம் சேர்த்து வைத்து, எதை யார் மேற்கோள் காட்டினார்கள் என்று கணக்குக் காட்டும் தளம் ஒன்று இருக்கிறது. குழு அதைத்தான் பார்க்கும். இவர் அதில் எங்கள் மாநாட்டுக் கட்டுரைகளை ஒவ்வொன்றாகத் தோண்டிக்கொண்டிருந்தார். ஒரு சனிக்கிழமை காலை நான் டூட்டிக்குக் கிளம்புகிற நேரத்தில் ஓடி வந்தார். முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு, ஒரு கன்னத்தில் மட்டும் ஷேவிங் சோப்பு.

"கிடைச்சிருச்சு, வந்து பாரு."

ஒரு பெண் எழுதிய கட்டுரை. பழைய ப்ரோகிராம்களில் யாருக்கும் பயன்படாமல் சும்மா கிடக்கிற வரிகளை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதைப் பற்றி. ஏழு பேர் மேற்கோள் காட்டியதாகத் தளம் சொன்னது. ஆனால் அதே கட்டுரை, அதே தலைப்பு, அதே பெயர், கீழே இன்னொரு இடத்திலும் இருந்தது. அங்கே ஐந்து பேர்.

"ஏழும் அஞ்சும்?" என்றார், ஒன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் கேட்கிற மாதிரி.

"எப்படி ரெண்டா ஆச்சு?"

"அந்த வருஷம் மட்டும் மாநாடு டிசம்பர்ல நடந்துச்சுல்ல. தொகுப்பு ஜனவரியில வந்துச்சு. புது வருஷம். சில பேர் மாநாடு நடந்த வருஷத்தப் போட்டிருக்காங்க, சில பேர் தொகுப்பு வந்த வருஷத்த. மெஷின் ரெண்டு கட்டுரைன்னு நினைச்சுக்கிச்சு. சேத்தா பன்னிரண்டு."

நான் பஸ்ஸைக் கோட்டை விட்டேன். அன்று முழுக்க மனசு லேசாக இருந்தது. ஊசிக்குப் பயந்து முறைத்தவர்களிடம்கூட நல்ல மாதிரியாகப் பேசினேன்.

தளத்தை நடத்துகிறவர்களுக்கு அவர் மெயில் எழுதினார். இரண்டையும் ஒன்றாக்குங்கள் என்று நாலு வரி போட்டால் போதும். இவர் அப்படிப்பட்டவரா? இரண்டும் ஒரே கட்டுரைதான் என்பதற்கு ஆதாரமாக மாநாட்டு அழைப்பிதழ், நிகழ்ச்சி நிரல், எந்தத் தேதியில் எந்த மணிக்கு அந்தப் பெண் பேசினாள் என்பது வரை இணைத்தார்.

"இவ்வளவு எதுக்குங்க?"

"ஆதாரம் இல்லாம எழுதினா நம்புவாங்களா?"

பதில் சீக்கிரமே வந்துவிட்டது. மரியாதையான பதில். சுட்டிக்காட்டியதற்கு நன்றி. இரண்டு பதிவுகளையும் ஒன்றாக்கிவிட்டோம். எங்கள் விதிப்படி மாநாட்டுக் கட்டுரைக்கு மாநாடு நடந்த வருஷமே வருஷம். ஆகவே நீங்கள் அனுப்பிய ஆதாரத்தின்படி அந்தத் தொகுப்பு முழுவதையும் டிசம்பர் வருஷத்துக்கு மாற்றித் திருத்தியிருக்கிறோம்.

அவர் அதைத் திரும்பத் திரும்பப் படித்தார். எனக்குப் புரியவில்லை, நல்லதுதானே என்றேன். அவர் விரலை மடக்கிக் காட்டினார். ஜனவரி என்றிருந்த வரைக்கும் அந்தத் தொகுப்பு ஐந்து வருஷக் கணக்குக்குள் கடைசியாக ஒட்டிக்கொண்டிருந்தது. டிசம்பர் என்றால் அது ஆறாவது வருஷம். கணக்குக்கு வெளியே. பன்னிரண்டாவது கட்டுரைக்குப் பன்னிரண்டு மேற்கோள் வந்துவிட்டது, ஆனால் கட்டுரை போய்விட்டது. அது மட்டும் போகவில்லை. ஏற்கெனவே தேறியிருந்த பதினொன்றில் மூன்று அதே தொகுப்பு.

"எட்டு" என்றார்.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது என்பார்கள். இவர் அந்தப் பூதத்துக்கு அழைப்பிதழும் நிகழ்ச்சி நிரலும் அனுப்பி வரவழைத்திருக்கிறார். திட்ட வாயெடுத்தேன். அவர் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன்.

பட்டியல் வெளியானது. எங்கள் மாநாட்டின் பெயர் இல்லை. பதினொன்றோடு நின்ற இன்னொரு மாநாட்டுக்கு, நெருங்கி வந்ததால் ஒரு வருஷம் தவணை கொடுத்திருந்தார்கள். அதை இவர்தான் எனக்குக் காட்டினார், குரலில் ஒன்றுமே இல்லாமல். கையை வைக்காமல் சும்மா இருந்திருந்தால் எங்களுக்கும் கிடைத்திருக்கும். கட்டுரை அனுப்புகிறேன் என்று சொன்னவர்கள் ஒவ்வொருவராக மன்னிப்புக் கேட்டு எழுதினார்கள். கல்லூரியில் ஹாலை வேறு நிகழ்ச்சிக்குக் கொடுத்துவிட்டார்கள். அண்ணன் போனில் விசாரித்தபோது முதல்முறையாகத் தலைவர் என்று சொல்லாமல் மாப்பிள்ளை என்றான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

போன வாரம் பொருளாளர் வந்தார். மாநாட்டின் இணையதளத்தை மூடிவிடலாமா என்று பேசத்தான் வந்தார். பேச்சு சுற்றிச் சுற்றி அங்கேயே வந்து நின்றது. நான் டீ எடுத்துக்கொண்டு போனேன்.

"எனக்கு ஒண்ணுதான்யா ஆறல" என்றார் அவர். "வருஷா வருஷம் அக்டோபர்லதான வைப்போம். அந்த ஒரு வருஷம் மட்டும் எதுக்கு டிசம்பருக்குத் தள்ளுன? நான் அப்ப ஊர்லயே இல்ல. அக்டோபர்ல வச்சிருந்தா தொகுப்பு அந்த வருஷமே வந்திருக்கும், இந்தக் குழப்பமே இல்ல. நீயும் எதையும் தோண்டியிருக்க மாட்ட."

"ஹால் கிடைக்கல" என்றார் இவர்.

"ஹால் கிடைக்காததுக்கா? மாடியில ரெண்டு வகுப்பறைய எடுத்துருக்கலாமேய்யா. பதினெட்டு வருஷ மாநாடு ஒரு ஹாலால போச்சு பாரு. நீயே சொல்லு தங்கச்சி."

நான் டீயை மேஜையில் வைத்தேன். வைத்த வேகத்தில் தட்டில் சிந்தியது. துடைக்கிறேன் என்று உள்ளே போய்விட்டேன்.

ஹால் கிடைத்திருந்தது. அதை இவர் வேண்டாம் என்று சொன்னதை என் காதால் கேட்டேன். அந்த அக்டோபரில் நான் ஆஸ்பத்திரியில் இருந்தேன். முப்பத்தொன்பது வயசில், இனிமேல் இல்லை என்று நினைத்திருந்தபோது வயிற்றில் தங்கி, ஏழாம் மாசத்தில் போய்விட்டது. அறைக் கதவு பாதி திறந்திருந்தது. இவர் வராந்தாவில் நின்றுகொண்டு போனில், "இந்த மாசம் முடியாது சார், ஹாலை வேற யாருக்காவது குடுத்துருங்க. என்னால இப்ப எங்கயும் வர முடியாது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஏன் என்று அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும். "வீட்ல ஒரு வேலை" என்றார்.

பொருளாளர் போன பிறகு தம்ளர்களை எடுக்க வந்தேன். இவர் சோபாவில் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"ஹால் கிடைக்கலயா?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. டீ சிந்திய தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார், "ஆமா. கிடைக்கல."